வீடு மட்டும் கொடுத்தால் போதுமா? சென்னையின் அக்கம்பக்கங்கள் சொல்லும் பாடம்

2021 டிசம்பர் 27. வடசென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டமாகின. ஆனால், ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. விரிசல் பெரிதாவதைப் பார்த்தவர்கள் மற்றவர்களை எச்சரித்து வெளியே வரச் சொன்னார்கள். எல்லோரும் வெளியேறிய பிறகுதான் கட்டிடம் சரிந்தது.

அந்தக் கட்டிடத்தின் தரம் பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. பேச வேண்டிய விஷயம்தான். ஆனால், உயிர்களைக் காப்பாற்றியது எது என்பதும் யோசிக்க வேண்டிய கேள்வி. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரால் படி இறங்க முடியாது, யாரை எழுப்ப வேண்டும் என்று தெரிந்த அக்கம்பக்கம் இருந்தால்தான் இப்படி ஓர் ஆபத்தில் எல்லோரும் தப்பிக்க முடியும்.

அந்த அக்கம்பக்கம் எப்படி உருவாகிறது? அரசால் அதைக் கட்டித்தர முடியுமா? சென்னையில் ஏழை மக்களுக்கு வீடு கட்டித்தரும் வேலை தொடங்கி 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த அனுபவம் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மக்கள் தாங்கிக்கொள்ளும் விலையில் வீடும், அவர்கள் கூடிப் புழங்க ஒரு பொது இடமும் சேர்ந்து கிடைக்கும்போதுதான் ஒரு பகுதி ‘நம்ம ஏரியா’ ஆகிறது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறந்தால் இரண்டுமே வீணாகிறது.

‘தாங்கிக்கொள்ளும் விலை’ என்றால் எவ்வளவு?

குடும்ப வருமானத்தில் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது உலக அளவில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும் குடும்பம் என்றால் 6,000 ரூபாய். அந்த வாடகைக்குச் சென்னை நகரத்துக்குள் ஒரு குடும்பம் கௌரவமாக வாழும் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். வாடகையோடு அட்வான்ஸ், கரன்ட் பில், தண்ணீர்க் காசு எல்லாம் தனி.

இந்தக் கணக்கில் விட்டுப்போகும் செலவு ஒன்று உண்டு. வேலைக்குப் போய்வரும் செலவு. நகரத்தின் ஓரத்தில் மலிவாக ஒரு வீடு கிடைத்து, வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம் செலவாகிறது என்றால் அந்த வீடு உண்மையில் மலிவு கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நகர ஓரத்துக்குக் குடியேற்றப்பட்ட பல குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால், பணம் மிச்சமானாலும் நேரம் மிச்சமாகவில்லை.

வாரியம் எப்படித் தொடங்கியது?

குடிசைப் பகுதிகளுக்காக மட்டும் இயங்கும் ஓர் அமைப்பை 1970-ல் தமிழ்நாடு உருவாக்கியது. முதல்வர் மு. கருணாநிதி காலத்தில் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம்தான் அது. 1971-ல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 2021-ல் அந்த அமைப்பு ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று பெயர் மாற்றம் பெற்றது.

தொடக்க ஆண்டுகளில் வாரியம் கட்டியவற்றில் பெரும்பாலானவை குடிசைகள் இருந்த அதே இடத்தில், அல்லது அதற்கு அருகிலேயே எழுந்த நான்கு மாடிக் குடியிருப்புகள். வீடுகள் ரொம்பச் சின்னவை. பழைய குடியிருப்புகளில் பெரும்பாலான வீடுகள் 300 சதுர அடிக்கும் குறைவு. கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் குறைகள் ஏராளம். ஆனாலும் வேலை, பள்ளி, ரேஷன் கடை, சொந்தபந்தம் எதுவும் மாறவில்லை. மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்த பெண் மயிலாப்பூரிலேயே இருந்தார். மீன் விற்றவர் கடற்கரையை விட்டுப் போகவில்லை.

‘வீடுதான் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?’

2000-க்குப் பிறகு பாதை மாறியது. நகரத்துக்குள் நிலத்தின் விலை எகிறியது. மேம்பாலம், ரயில் பாதை, ஆற்றோரச் சீரமைப்பு என்று திட்டங்கள் வந்தன. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்த குடும்பங்கள் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அனுப்பப்பட்டன. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன் பின் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் தரைத்தளமும் அதன் மேல் ஏழு மாடிகளுமாகக் கட்டப்பட்ட வீடுகள் 20,000-ஐத் தாண்டும். 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு வந்தன.

கான்கிரீட் கூரை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, மின் இணைப்பு எல்லாம் கிடைத்தன. ஆற்றோரத்தில் ஒவ்வொரு மழைக்கும் பயந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு இவை சின்ன விஷயங்கள் இல்லை. பிரச்சினை மூன்று இடங்களில் வந்தது.

முதலாவது, தூரம். வேலை நகரத்துக்குள், வீடு 20 கிலோமீட்டருக்கு அப்பால். பூ கட்டி விற்பவர், தள்ளுவண்டிக்காரர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் ஆகியோரின் பிழைப்பு அந்தந்தத் தெருவோடு கட்டுண்டது. தெரு போனால் வாடிக்கையாளர்களும் போய்விடுவார்கள். பள்ளி ஆண்டின் நடுவில் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பும் பாதிக்கப்பட்டது.

இரண்டாவது, கலைந்துபோன உறவு. ஒரே தெருவில் முப்பது வருடம் சேர்ந்திருந்தவர்கள் வேறு வேறு பிளாக்குகளுக்குப் பிரிக்கப்பட்டார்கள். அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்றுக் கொடுப்பவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் அண்ணன் என எல்லோரும் தூரமாகிவிட்டார்கள். ஏழைக் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ், வங்கிக் கடன், குழந்தைகள் காப்பகம் எல்லாமே இந்த உறவுகள்தான். அரசு எடுக்கும் கணக்கெடுப்பு எதிலும் இந்தச் சொத்து பதிவாவதில்லை. அதனால் இழப்பீடும் கிடைப்பதில்லை.

மூன்றாவது, வீடுகளுக்கு நடுவில் எதுவும் இல்லாதது. வீடுகள் முதலில் வந்தன. பள்ளி, சுகாதார நிலையம், போதுமான பஸ், விளையாட்டுத் திடல் போன்றவை தாமதமாக, போராடிப் போராடித்தான் வந்தன. ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பழகிக்கொள்ள இடமும் இல்லாமல் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டால் என்ன ஆகும்? சண்டை, சந்தேகம், போலீஸ் கேஸ். அப்புறம் ‘அந்த ஏரியாவா?’ என்ற முத்திரை. வேலை கேட்டுப் போகும்போது முகவரியைச் சொல்லவே இளைஞர்கள் தயங்கினார்கள் என்பது இந்தக் குடியிருப்புகளில் பல ஆண்டுகளாகக் கேட்கும் குறை.

இந்த வலி எவ்வளவு ஆழமானது என்பது 2022 மே மாதத்தில் தெரிந்தது. சென்னை ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகு, அந்த மக்களுக்கு அருகிலுள்ள மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளில் வீடு ஒதுக்கப்படும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அந்த மக்கள் கேட்டது புதிய வீடு அல்ல. தங்கள் பகுதியிலேயே இருக்க வேண்டும் என்பதுதான்.

‘பொது இடம்’னா பார்க் மட்டும்தானா?

இல்லை. காசு கொடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், தெரிந்தவரும் தெரியாதவரும் தினமும் எதிர்ப்படும் எந்த இடமும் பொது இடம்தான். தமிழ்நாட்டு நகரங்களில் இதற்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. தெருமுனை டீக்கடை பெஞ்ச், கோயில் வாசல், மாநகராட்சித் திடல், சமுதாய நலக்கூடம், நூலகம், கேரம் கிளப் என்று பட்டியல் நீளும். குழாயடி என்றால் சண்டைதான் நினைவுக்கு வரும். ஆனால், ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வீட்டில் பிரச்சினை, எங்கே வேலை காலியாக இருக்கிறது என்ற செய்திகள் பரிமாறப்பட்டதும் அங்கேதான். திராவிட இயக்கமும் இடதுசாரி இயக்கமும் அம்பேத்கர் இயக்கமும் தெருத்தெருவாக நடத்திய படிப்பகங்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்ட இடங்கள். அங்கே அரசியல் வளர்ந்தது, கூடவே அக்கம்பக்கமும் வளர்ந்தது.

ஒரு மைதானம் என்ன செய்யும் என்பதற்கு வடசென்னை வியாசர்பாடி நல்ல உதாரணம். அங்கே 1990-களின் பிற்பகுதியிலிருந்து உள்ளூர் ஆட்கள் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுத்துவருகிறார்கள். கால்பந்தோடு பாடமும் சொல்லித்தந்தார்கள். ரவுடிகள், குற்றம் என்ற பேச்சோடு மட்டுமே செய்திகளில் வந்த ஒரு பகுதி, இன்று கால்பந்துக்காகப் பேசப்படுகிறது. சென்னை ரசிகர்கள் அதைச் செல்லமாக ‘குட்டி பிரேசில்’ என்கிறார்கள்.

கண்ணகி நகரும் இப்போது அந்த வழியில்தான் போகிறது. 2020-ல் அங்குள்ள குடியிருப்புச் சுவர்களில் கலைஞர்கள் பிரமாண்ட ஓவியங்களைத் தீட்டினார்கள். வெளியாட்கள் அந்த ஏரியாவுக்குள் வந்து பார்க்கத் தொடங்கினார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். முகவரியைச் சொல்லத் தயங்கிய இடத்தின் பெயர் ஒரு வீராங்கனையின் பெயருக்கு முன்னால் அடைமொழியாக நின்றது. அவருடைய வெற்றிக்குப் பிறகு பரிசுத்தொகையோடு சேர்த்துப் பேசப்பட்ட இன்னொன்று, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு நல்ல ஆடுகளம் வேண்டும் என்பது. குடியிருப்பு உருவாகிக் கால் நூற்றாண்டு ஆன பிறகும் அந்தக் கோரிக்கைக்குத் தேவை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உயிர் காக்கும் அக்கம்பக்கம்: சிகாகோ சொல்வது என்ன?

பொது இடம் என்பது பொழுதுபோக்கு, வீடு கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் மட்டுமல்ல, பலரிடமும் உண்டு. அது தவறு என்பதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படும் ஆதாரம் ஒன்று அமெரிக்காவின் சிகாகோ நகரத்திலிருந்து வருகிறது.

1995 ஜூலையில் அந்த நகரத்தைக் கடும் வெப்ப அலை தாக்கியது. வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் இந்த மரணங்களை ஆராய்ந்தார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் ஆகிய இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள். இரண்டிலும் ஏழைகள் அதிகம், தனியே வாழும் முதியவர்களும் அதிகம். வெயிலும் ஒன்றுதான். ஆனால், வடக்கில் ஒரு லட்சம் பேருக்கு 40 என்ற அளவில் மரணங்கள் நிகழ்ந்தன. தெற்கில் அதில் பத்தில் ஒரு பங்குதான்.

வடக்கில் கடைகள் மூடப்பட்டு, வீடுகள் காலியாகி, மனைகள் புதர் மண்டிக் கிடந்தன. முதியவர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். தெற்கில் கடைத்தெரு உயிரோடு இருந்தது, நடைபாதையில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு தாத்தா இரண்டு நாள் கண்ணில் படவில்லை என்றால் யாராவது போய்க் கதவைத் தட்டினார்கள். நூலகம், பூங்கா, கடைத்தெரு, நடைபாதை போன்றவற்றைச் ‘சமூக உள்கட்டமைப்பு’ என்று கிளினன்பெர்க் பிற்பாடு அழைத்தார். சாலையும் சாக்கடையும் போல இதுவும் நகரத்துக்கு அத்தியாவசியம் என்பது அவருடைய வாதம்.

ஆண்டுக்கு ஆண்டு வெயிலும் வெள்ளமும் கடுமையாகிவரும் சென்னைக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2015 வெள்ளத்தில் அரசு இயந்திரம் வந்து சேரும் முன்பு சோறு பொங்கியதும் படகு தேடியதும் அந்தந்தத் தெருக்காரர்கள்தான். பள்ளிக்கூடமும் சமுதாய நலக்கூடமும் திருமண மண்டபமும் தங்குமிடங்கள் ஆயின.

ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய்

இருக்கிற பொது இடத்தையும் இழப்பது எவ்வளவு சுலபம் என்பதை 2024 அக்டோபரில் சென்னை பார்த்தது. செயற்கைப் புல்தரை கொண்ட 9 கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, விளையாட வருபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வசூலிக்க மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது.

120 ரூபாய் பெரிய தொகையா என்று சிலர் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பையன் மாதம் 25 நாள், தினம் ஒரு மணி நேரம் ஆடினால் 3,000 ரூபாய். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 6,000. முன்பு பார்த்தோமே, 20,000 ரூபாய் சம்பாதிக்கும் குடும்பம் தாங்கக்கூடிய மொத்த வாடகை, அதே தொகை. கட்டணம் வைத்த நிமிடமே அந்த மைதானம் அதைச் சுற்றி இருக்கும் பிள்ளைகளுடையது இல்லை என்றாகிவிடும்.

பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது நியாயமான வாதம்தான். அதற்கான பதில் நுழைவுக் கட்டணமாக இருக்க முடியாது. தெருவிளக்குக்கு யாரும் டிக்கெட் போடுவதில்லை.

தோல்வி என்று நினைத்தது ஜெயித்த கதை

வீடும் பொது இடமும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1977-ல் உலக வங்கி உதவியோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. முழு வீடு கட்டித்தருவதற்குப் பதிலாக, மனையும் தண்ணீர், கழிப்பிட வசதியும் கொடுப்பது அதன் முக்கியப் பகுதி. கையில் காசு சேரச்சேர மக்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்ளலாம். முதலில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர். பிறகு முகப்பேர் உள்ளிட்ட பகுதிகள்.

இந்தத் திட்டத்தில் இரண்டு யோசனைகள் முக்கியமானவை. ஒன்று, மனைகள் பல அளவுகளில் இருந்தன. பெரிய மனைகளைச் சந்தை விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஏழைகளுக்குச் சின்ன மனைகளை மலிவாகக் கொடுத்தார்கள். அதனால் வெவ்வேறு வருமானம் உள்ளவர்கள் ஒரே பகுதியில் குடியேறினார்கள். இரண்டு, தெரு, பள்ளி, கடை, பூங்கா ஆகியவற்றுக்கான நிலம் முதலிலேயே ஒதுக்கப்பட்டது.

ஊருக்கு வெளியே இருக்கிறது, மெதுவாகத்தான் நிரம்புகிறது, வசதியானவர்கள் வாங்கிவிடுவார்கள் என்றெல்லாம் அப்போது விமர்சனம் வந்தது. உலக வங்கியும் இப்படிப்பட்ட திட்டங்களைப் படிப்படியாகக் கைவிட்டது. ஆனால், இருபது ஆண்டுகள் கழித்து மும்பையிலும் சென்னையிலும் இந்தப் பகுதிகளைத் திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வாளர்களின் கட்டுரை 2018-ல் வெளியானபோது முடிவு வேறாக இருந்தது. தோல்வி என்று ஒதுக்கப்பட்ட இடங்கள் பல வருமானப் பிரிவினரும் சேர்ந்து வாழும், நல்ல தெருக்கள் உள்ள, கலகலப்பான குடியிருப்புகளாக வளர்ந்திருந்தன. மும்பையின் சார்கோப் பகுதியில் 35 வீடுகளுக்கு ஒரு பொது முற்றம் என்று மனைகளை அமைத்திருந்தார்கள். அந்த முற்றத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் அந்த 35 குடும்பங்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான். தூரம் என்ற குறையை நகரம் வளர்ந்து நிரப்பிவிட்டது. தெருவும் முற்றமும் ஆரம்பத்திலேயே இருந்ததுதான் இந்த இடங்களைக் காப்பாற்றியது. பின்னால் போய்ச் சேர்க்க முடியாதவை அவைதான்.

வெளிநாடுகளில் எப்படிச் செய்தார்கள்?

தமிழர்களுக்கு நன்றாகப் பழக்கமான சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளலாம். 1960-ல் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. இன்று அந்நாட்டுவாசிகளில் பத்தில் சுமார் எட்டுப் பேர் அந்தக் கழகம் கட்டிய வீடுகளில்தான் வசிக்கிறார்கள். அந்தப் பல கட்டிடங்களின் தரைத்தளத்தில் வீடே கிடையாது. திறந்தவெளியாக விட்டிருப்பார்கள். அங்கே மலாய்க் குடும்பத்தின் கல்யாணம் நடக்கும், சீனக் குடும்பத்தின் இறுதிச் சடங்கும் நடக்கும். பாலர் பள்ளியும் முதியோர் மையமும் இருக்கும். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மூன்று இனத்தவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். 1989 முதல் ஒவ்வொரு பிளாக்கிலும் இன விகிதத்துக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பு வீட்டை விற்பவர்களுக்குச் சிரமம் தருகிறது என்ற விமர்சனமும் அங்கே இருக்கிறது.

இதைச் சென்னையின் உயரமான அரசுக் குடியிருப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழாவது மாடியில் ஒரு சாவு விழுந்தால் உடலை எங்கே கிடத்துவது, சொந்தக்காரர்கள் எங்கே உட்காருவது? மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பந்தல் எங்கே போடுவது? குடிசைப் பகுதியில் தெருவே இதற்குப் பதிலாக இருந்தது. மாடி வீட்டுக்கு வரைபடம் போட்டவர்கள் தெருவை மறந்துவிட்டார்கள்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் கதை இன்னும் பழையது. 1923-ல் அந்நகராட்சி வீட்டுக்கென்று ஒரு தனி வரி போட்டது. ஆடம்பர வீட்டுக்காரர்களுக்கு அதிக வரி. அந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்கு வீடுகள் எழும்பின. 1930-ல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பில் 1,382 வீடுகள். மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டிடம். மீதி முற்றமும் தோட்டமும். பொதுச் சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே இருந்தன. இன்றும் அந்நகராட்சிக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன.

இரண்டு நாடுகளிலும் நிலம், வருமானம், அரசியல் எல்லாமே வேறு. அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால், இரண்டு இடங்களிலும் பொது இடம் வீட்டுத் திட்டத்தின் வரைபடத்திலேயே இருந்தது என்பது கவனிக்க வேண்டியது.

பூங்கா வந்தால் வாடகை ஏறாதா?

ஏறும். இந்த விஷயத்தின் சிக்கலான பகுதியே இதுதான். ஒரு பகுதியில் நல்ல பூங்கா, நடைபாதை, நூலகம் வந்தால் அங்கே குடிவர ஆசைப்படுபவர்கள் அதிகமாவார்கள். வீட்டு உரிமையாளர் வாடகையை ஏற்றுவார். எந்தக் குடும்பங்களுக்காகப் பூங்கா கட்டப்பட்டதோ, அந்தக் குடும்பங்களே காலிசெய்ய வேண்டியிருக்கும். ஆற்றை அழகுபடுத்தும் திட்டங்களுக்காக ஆற்றோரத்து மக்கள் வெளியேற்றப்பட்டது இதே கதையின் இன்னொரு வடிவம்.

அதனால்தான் இரண்டும் சேர்ந்து வர வேண்டும். வாடகை ஏறினாலும் வெளியேற்றப்படாத, அரசு அல்லது கூட்டுறவுப் பாதுகாப்பில் உள்ள வீடுகள் ஒரு பகுதியில் கணிசமாக இருந்தால், பூங்காவின் பயன் அங்கே ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் கிடைக்கும். சென்னையின் மையப் பகுதிகளில் உள்ள பழைய வாரியக் குடியிருப்புகள் இன்று இந்த வேலையைத்தான் செய்கின்றன. சுற்றிலும் ஃபிளாட் விலை கோடியைத் தொட்டாலும் அங்கே ஆட்டோ ஓட்டுநரும் தூய்மைப் பணியாளரும் வாழ முடிகிறது. நகரம் இயங்குவதற்கு அவர்கள் நகரத்துக்குள் இருந்தாக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பொது இடம் என்ற பெயரே எல்லோருக்கும் சமமான இடம் என்று ஆகிவிடாது. மைதானம் முழுக்கப் பையன்கள் மட்டும் இருந்தால் பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்ப்பார்கள். வெளிச்சமும் கழிப்பறையும் இல்லாத பூங்கா மாலை ஆறு மணிக்கு மேல் பெண்களுக்கு இல்லை. கூடத்தின் சாவி ஒரு கட்சிக்காரரிடமோ ஒரு சாதிக்காரரிடமோ இருந்தால் மற்றவர்களுக்கு அது பூட்டிய கூடம்தான்.

சட்டமும் திட்டமும் என்ன சொல்கின்றன?

தமிழ்நாட்டின் கட்டிட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் திட்டம் போடுபவர்கள், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ‘ஓஎஸ்ஆர் நிலம்’ என்று பேசப்படுவது இதுதான். ஒப்படைக்கப்பட்ட நிலங்களுக்கு வேலி போட்டு, பெயர்ப்பலகை வைத்து, மக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதுதான் தொடரும் சவால். பல இடங்களில் அது குப்பைமேடாகவோ, பக்கத்து அடுக்குமாடிக்காரர்களின் கார் பார்க்கிங்காகவோ மாறிவிடுகிறது.

வாரியக் குடியிருப்புகளில் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டம் நடைமுறையில் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை வசூலித்தால், அரசும் தன் பங்கைச் சேர்க்கும். நல்ல யோசனை. ஆனால், லிஃப்ட், மோட்டார், கழிவுநீர் வாகனம் என்று செலவு அதிகமாகும் உயரமான கட்டிடங்களில், தினக்கூலிக் குடும்பங்களின் சங்கம் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட ‘முதல்வர் படைப்பகம்’ வேறு ஒரு திசையைக் காட்டுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான கல்வி மையமும், சொந்தமாக அலுவலகம் எடுக்க வசதியில்லாதவர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடமும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு வாழும் ஒரு மாணவிக்கு அமைதியான மேசையும் நாற்காலியும் எவ்வளவு பெரிய சொத்து என்று சொல்லத் தேவையில்லை. பழைய படிப்பகத்தின் இன்றைய வடிவம் இது. மறுகுடியமர்வுப் பகுதிகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஓர் இடம் வருமா என்பதுதான் அடுத்த கேள்வி.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

சென்னையின் பழைய வாரியக் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு, இன்னும் உயரமாக மறுகட்டுமானம் ஆகின்றன. அடுத்த முறை ‘இத்தனை ஆயிரம் வீடுகள் திறப்பு’ என்று செய்தி வரும்போது, எண்ணிக்கையோடு சேர்த்துச் சில கேள்விகளையும் கேட்கலாம்.

* பழைய குடும்பங்கள் அதே இடத்துக்குத் திரும்பி வருகின்றனவா? இடைப்பட்ட காலத்தில் அவர்களின் வாடகைக்கு என்ன ஏற்பாடு?
* ஒரே தெருவில் இருந்தவர்களுக்கு ஒரே பிளாக்கில் வீடு கிடைக்கிறதா, அல்லது குலுக்கலில் சிதறுகிறார்களா?
* தரைத்தளத்தில் கூடம், அங்கன்வாடி, படிப்பகம், கடை போட இடம் இருக்கிறதா? அவை வீடு திறக்கும் நாளிலேயே திறக்கப்படுகின்றனவா?
* மைதானத்துக்கும் கூடத்துக்கும் கட்டணம் உண்டா? சாவி யாரிடம்?
* பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்படுகிறதா?

இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் திறப்புவிழாப் புகைப்படத்தில் தெரியாது. பத்து வருடம் கழித்து, அந்தப் பகுதியில் வளர்ந்த ஒரு பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியை மறைக்காமல் எழுதுகிறதா என்பதில் தெரியும்.